ஓடுபவரும் தீர்ப்பளிப்பவரும்

பந்தயத்தில் ஓடுபவர் ஒருவர். அவர் எவ்வாறு ஓடியிருக்க வேண்டுமென்று எடுத்துரைப்பவர் ஓராயிரம் பேர். இஃது உலகெங்குமுள்ள பழைய வழக்கமே. ஆயினும் முன்னாளைய இரசிகர்களுக்கு ஒரு தடை இருந்தது. வீரன் பந்தய தினத்தன்று மைதானத்துக்கு வந்தபோதுதான் அவர்கள் அவனைக் கண்ணாற் கண்டார்கள். அதற்கு முந்திய மாதங்களில் அவன் எங்கே ஓடினான், எவ்வளவு ஓடினான், எந்நாளில் ஓய்ந்திருந்தான் என்பனவெல்லாம் அவனும் அவன் பயிற்சியாளரும் மட்டுமே அறிந்த இரகசியங்கள்.

இன்றோ நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. ஓட்டத்தினாற் பெயர்பெற்ற பலர் தம் பயிற்சியை நாள்தோறும் படம்பிடித்து இணையத்திலே வெளியிடுகின்றனர். காலையில் உண்டது, மாலையில் ஓடியது, நாடித்துடிப்பு, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எடுத்த நேரம் ஆகிய யாவும் நம் கைத்தொலைபேசியில் வந்து நிற்கின்றன. இத்தனையையும் கண்ட பின்னர் தீர்ப்பளியாதிருக்க யாரால் முடியும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நம் தமக்கையார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய புதல்வர் இருவரும் ஒரே கைத்தொலைபேசியைப் பார்த்தவண்ணம் வாதாடிக்கொண்டிருந்தனர். மூத்தவன் பல்கலைக்கழக மாணவன். இளையவன் உயர்தர வகுப்பிற் படிப்பவன். திரையிலே மேனாட்டு இளைஞரொருவர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்.

“இலகுவாக ஓடவேண்டிய நாளிலும் இவர் விரைவாக ஓடுகிறார். இந்தப் பயிற்சி முழுவதும் பிழை” என்றான் மூத்தவன்.

“பிழையென்றால் சென்ற மரதனில் எப்படிப் பத்து நிமிடங்களைக் குறைத்தார், அண்ணா?” என்று மடக்கினான் இளையவன். பின்னர் நம் பக்கந் திரும்பி, “நீங்களே சொல்லுங்கள், மாமா” என்றான்.

நாம் வாய் திறக்கவில்லை. ஏனெனில் நம் கண்கள் அவனுடைய வலக்காலின் மேற் சென்றிருந்தன. அக்கால் ஒரு தலையணையின் மேல் நீட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த இளைஞரின் வாராந்தப் பயிற்சி அட்டவணையை ஏழு வாரங்கள் எழுத்துப் பிசகாது பின்பற்றியதன் பலன் அது. கணுக்காலுக்கு மேலே எலும்பில் மெல்லிய வெடிப்பு ஏற்பட்டிருப்பதாகவும், பல வாரங்களுக்கு ஓடலாகாதென்றும் வைத்தியர் கூறியிருந்தார். காலை இழந்தவன் அந்த முறையைப் போற்றுகிறான். ஓடியறியாதவன் அதைத் தூற்றுகிறான்! இருவர் தீர்ப்பிலும் ஏதோ ஒன்று குறைகிறதென்று நமக்குத் தோன்றிற்று. அது யாதென இவ்வாரம் ஆராய விரும்புகிறோம்.

இரசிகர்கள் செய்யும் முதற் பிழை, முடிவைக் கொண்டு முறையை அளப்பதாகும். வென்றால் பயிற்சி சரி. தோற்றால் பயிற்சி பிழை. இந்த அளவுகோல் எவ்வளவு ஏமாற்ற வல்லதென்பதற்கு றோஜர் பனிஸ்டரின் கதை தக்க சான்றாகும். அவர் இலண்டனில் மருத்துவம் பயின்ற மாணவர். மதிய இடைவேளையிற் கிடைத்த சிறுபொழுதே அவருடைய பயிற்சி நேரம். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீற்றர் ஓட்டத்தில் அவர் நாலாவதாக வந்தார். போதிய பந்தயங்களில் ஓடிப் பழகாமையே காரணமென்று பத்திரிகைகள் அவரைக் கடிந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி, ஒக்ஸ்போட் மைதானத்தில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி, நாலு நிமிட எல்லையை முதன்முதலிற் கடந்த மனிதரானார். அப்பொழுதும் அவர் படிப்பை விட்டவரல்லர், நீண்டநேரம் பயின்றவருமல்லர்.

அந்த வெற்றிக்கு முந்திய மாதங்களில் நடந்ததொன்று நம் இரசிகர்கள் அறியத்தக்கது. கால் மைல் தூரத்தைப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிட இளைப்பாறலுடன், பனிஸ்டரும் தோழர்களும் ஓடிப் பழகினார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு கால் மைலுக்கும் 66 செக்கன் எடுத்தவர்கள் படிப்படியாக 61 செக்கனுக்கு வந்தனர். அதற்குக் கீழே போக எவ்வளவு முயன்றும் இயலவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் கடுமையாக ஓடினார்களா? இல்லை. பனிஸ்டரும் நண்பர் கிறிஸ் பிராஷரும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்கொட்லாந்துக்குச் சென்று சில நாட்கள் மலையேறினார்கள். திரும்பி வந்து ஓடியபோது 59 செக்கன் கைகூடிற்று.

அந்நாளில் அவர்கள் கையில் ஒரு படக்கருவி இருந்து, மலையேறும் காட்சி நாள்தோறும் வெளியாகியிருந்தால், இரசிகர்கள் என்ன எழுதியிருப்பார்கள்! “பந்தயத்துக்குச் சில வாரங்களே உள்ளன, இவர்களோ உல்லாசப் பயணம் போகிறார்கள்” என்று எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்! களைத்த உடலுக்கு ஓய்வும் பயிற்சியே என்பது வெளியில் நின்று பார்ப்பவருக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

இரண்டாவது பிழை, கண்ணிற் பட்டதையே முழுவதுமெனக் கருதுவது. ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுவதைப் படமெடுத்தால் யார் பார்ப்பர்? ஆகவே அது பத்துச் செக்கனிற் கடந்துவிடுகிறது. வியர்வை சொட்ட, முகம் சிவக்க, மைதானத்தைச் சுற்றிப் பாய்வதோ பத்து நிமிடம் காட்டப்படுகிறது. பார்ப்பவர் மனத்தில் பாய்ச்சல் மட்டுமே தங்குகிறது.

உண்மை வேறு. அமெரிக்காவிற் பிறந்து நோர்வேயிற் பணிபுரியும் உடற்றொழிலியல் அறிஞர் ஸ்டீபன் சைலர், நெடுந்தூர ஓட்டம், பனிச்சறுக்கல், படகு வலித்தல் முதலியவற்றில் உலகில் முன்னணியில் நிற்பவர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர். அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 வீதமானவை, பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவுக்கு இலகுவானவை என்று அவர் கண்டார். இவ்விடயத்தில் நம் மூத்த மருமகன் கூறியதில் நியாயம் உண்டு.

நோர்வேயின் ஜேக்கப் இங்கெபிரிக்சனை எடுத்துக்கொள்வோம். 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீற்றரிலும், 2024 இல் பாரிசில் 5000 மீற்றரிலும் பொற்பதக்கம் பெற்றவர். 2016 ஆம் ஆண்டிலிருந்து அவர் குடும்பத்தின் பயிற்சி வாழ்க்கை நோர்வேத் தொலைக்காட்சியில் தொடராக வந்தது. ஒரே நாளிற் காலையும் மாலையும் இருமுறை வேக ஓட்டம் ஓடுவது அந்நாட்டு முறையின் சிறப்பு. இதைக் கேள்வியுற்ற பலர் “இருமுறை” என்பதை மட்டும் பற்றிக்கொண்டனர். ஆனால் அங்கே ஓட்டத்தின் நடுவே ஒரு துளி இரத்தம் எடுத்து, அதிலுள்ள இலக்டேற்று என்னும் பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். எதற்காக? வீரன் போதிய வேகத்தில் ஓடுகிறானா என்று துரத்துவதற்காக மட்டுமன்று. அளவு மீறி ஓடிவிடாமல் அடக்குவதற்காகவுமே. அந்த முறையின் உயிர்நாடி கட்டுப்பாடு. அதைக் கண்டவர்களோ கடுமையை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது பிழை, அன்பினாலும் வெறுப்பினாலும் கண் மறைக்கப்படுவது. நமக்குப் பிடித்தவர் எதைச் செய்தாலும் அது நுட்பம்; பிடியாதவர் அதையே செய்தால் அது மடமை. 1952 இல் ஹெல்சிங்கியில் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் பொற்பதக்கம் பெற்ற செக் நாட்டு எமில் சட்டோபெக்கின் முகச்சுளிப்பையும் தோளாட்டத்தையும் கண்டு நகைத்தவர் பலர். அவர் வென்றதும், 400 மீற்றரை எண்ணிறந்த தடவைகள் திரும்பத்திரும்ப ஓடும் அவருடைய முறை எங்கும் பேசப்பட்டது. அதைத் தாங்கிய உடல் சட்டோபெக்கின் உடல் என்பதை மறக்கலாமா? ஒரு கடும் முறையைப் பின்பற்றிய பத்துப்பேரில் ஒருவர் உயர்ந்து, ஒன்பது பேர் காயமுற்றால், நம் கண்ணில் தென்படுபவர் அந்த ஒருவரே. மற்றவர்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் படமெடுப்பார் யாருமில்லை.

அப்படியாயின் இரசிகர்கள் தீர்ப்பே அளிக்கக்கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அளிக்கலாம். ஆனால் முதலில் யாரைப் பற்றித் தீர்ப்பளிக்கிறோமென்று தெளிய வேண்டும். அமெரிக்க வீரர் கிளேற்றன் யங் தம் மரதன் பயிற்சியைப் படமாக்கி வெளியிட்டவர்; 2024 பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் ஒன்பதாவதாக வந்தவர். அவருக்குப் பின்னால் எட் ஐஸ்ரன் என்ற தேர்ந்த பயிற்சியாளர் இருக்கிறார். இங்கிலாந்தின் றஸ் குக் வேறு வகையினர். ஆபிரிக்காவின் தென்முனையிலிருந்து வடமுனை வரை 352 நாட்களில் ஓடி, 2024 ஏப்பிரல் 7 ஆந் திகதி தூனிசியாவில் முடித்தவர். அவர் நாடியது வேகமன்று, இடையறாத உறுதி. மூன்றாவது வகையினர், படமெடுப்பதையே முதற் தொழிலாகவும் ஓடுவதை அதற்குரிய பொருளாகவும் கொண்டவர்கள். அதுவும் நேர்மையான தொழிலாகலாம். ஆனால் இம்மூவரையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் முறையன்று.

பின்னர் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த அளவுக்கு வருமுன் அவர் எத்தனை ஆண்டுகள் ஓடியிருக்கிறார்? இலகுவாக ஓடிய நாட்களையும் ஓய்ந்த நாட்களையும் காட்டுகிறாரா? காயமுற்றபோதும் தோற்றபோதும் அதை மறையாது கூறினாரா? அட்டவணையையோ, பாதணியையோ, சத்துத் தூளையோ விற்பவராயின், அந்த விற்பனையால் தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தை வெளிப்படையாகச் சொல்கிறாரா? இவற்றுக்கு நல்ல விடை கூறுபவர், பந்தயத்தில் தோற்றாலும் நம் நம்பிக்கைக்கு உரியவர். கூறாதவர் வென்றாலும் எச்சரிக்கையுடன் நோக்கத்தக்கவர்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. அதை அவரிடமன்று, நம்மிடமே கேட்க வேண்டும்: இது என் உடலுக்கும் என் ஊருக்கும் பொருந்துமா? பயிற்சியினால் இதயம் சில வாரங்களிலேயே வலுவடையத் தொடங்குகிறது. எலும்பும் தசைநாணும் வலுப்பெறவோ மாதங்கள் செல்லும். மூச்சு இடங்கொடுக்கிறதே என்று ஓடுபவனை எலும்பு கைவிடுவது இதனாலேயே. போதிய உணவின்றி ஓடுபவருக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி. வளரும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், குளிர் நாட்டு இளைஞர் இலகுவாக ஓடும் வேகம் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இலகுவாக இராது. வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த நாளில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. வியர்வையால் நீர் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் விரைந்து துடிக்கிறது. ஆகவே அவருடைய அட்டவணையிலுள்ள நிமிடங்களை அப்படியே நம் தெருவுக்குக் கொண்டுவருதல், அவருடைய பாதணியை அளவு பாராமல் வாங்கி அணிவதற்கு ஒப்பாகும்.

சென்ற வாரம் மறுபடியும் தமக்கையார் இல்லத்துக்குச் சென்றோம். இளையவன் ஊன்றுகோலின்றி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தான். “அந்த முறை சரியா, பிழையா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே, மாமா” என்றான். “அவருக்கு அது சரியாக இருக்கலாம், தம்பி. உனக்கு அது பிழையென்று உன் கால் முன்னரே சொல்லிவிட்டது, நீதான் காது கொடுக்கவில்லை” என்றோம். அவன் சிரித்தான். அருகிலிருந்த மூத்தவனும் சிரித்தான். அவனையும் நாம் விடவில்லை: “தம்பி மறுபடியும் ஓடத் தொடங்கும் நாளில் நீயும் உடன் செல். இலகுவான ஓட்டம் என்றால் என்னவென்று இருவரும் பேசிக்கொண்டே அறியலாம்.”

வைத்தியர் அனுமதித்ததும் இருவரும் சேர்ந்து ஓடுவதென்று முடிவாகியிருக்கிறது. முதல் வாரம் நடையும் ஓட்டமும் கலந்து இருபது நிமிடம் மட்டும். படமெடுப்பதில்லையென்றும் தீர்மானித்திருக்கிறார்களாம்.