கடையை மூட மட்டும்தான் ஒற்றுமையா?

பி.காம் படிக்கிற நீலகிரிக்காரனாக ஒரு சின்னப் புலம்பல்.

2025 ஏப்ரல் 1 முதல், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள்தான் என்று வரம்பு வந்தது. மறுநாளே மாவட்டத்தில் கடையடைப்பு. எல்லா ஊர் வியாபாரிகளும் சேர்ந்தது சந்தோஷம்தான். ஆனால் ஷட்டரை இறக்கினால் அன்றைய நஷ்டம் நமக்குத்தானே?

நீதிமன்றத்தில் கோபம் எடுபடாது, கணக்குதான் எடுபடும். இ-பாஸ் வருவதற்கு முன்பும் பின்பும் எத்தனை அறைகள் நிரம்பின, வர்க்கி எவ்வளவு விற்றது, டாக்சிக்கு எத்தனை சவாரி? ஒரு ஊர்ச் சங்கம் தனியாக இதைத் திரட்டினால் பாதிப் படம்தான் கிடைக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் சங்கங்கள் சேர்ந்தால் செலவும் பங்காகும், பேச்சுக்கும் மதிப்பிருக்கும்.

இதற்கு முன்மாதிரி குன்னூரிலேயே இருக்கிறது. தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கங்கள் 1893-லேயே ஒன்றுகூடி உருவாக்கிய உபாசியின் தலைமையகம் இங்கேதான். வால்பாறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வரை நடத்துகிறார்கள்.

"அது முதலாளிகள் சங்கமாச்சே" என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன், நம் கூட்டமைப்பில் பெரிய ஹோட்டல்காரர்கள் மட்டும் உட்காரக் கூடாது. தள்ளுவண்டிக்காரருக்கும், பச்சைத் தேயிலை விலைக்காகப் போராடும் சிறு விவசாயிக்கும் ஓட்டு வேண்டும். சாலை நெரிசலில் தவிக்கும் உள்ளூர்வாசியின் குறையையும் கேட்க வேண்டும். இல்லையென்றால் அது நீலகிரியின் குரல் ஆகாது.

நீங்க என்ன நினைக்கிறீங்க?