வேடம் மாறும், இடம் மாறாது

மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி நீலகிரியில் ஹெத்தையம்மன் திருவிழா களைகட்டும். குன்னூரை அடுத்த ஜெகதளாவிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அந்நாட்களில் தேயிலைச் சரிவுகளின் பசுமைக்கு நடுவே வெண்மை நிறமே ஓங்கித் தெரியும். படுகர் சமுதாயத்து ஆடவர் வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்து, பனி விலகாத காலைப்பொழுதில் அம்மனை நாடி நடக்கின்றனர். ஹெத்தை என்னும் சொல்லுக்குப் படுக மொழியில் மூதாட்டி, பாட்டி என்று பொருள். தம் குலத்து மூதாட்டியையே தெய்வமாகப் போற்றும் அம்மக்கள், காணிக்கை செலுத்தி வணங்கியபின் இசைக்கு ஏற்ப வட்டமிட்டு ஆடுவர்.

அந்த வட்டத்தைச் சற்று நேரம் நின்று கவனிப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும். அங்கே முதன்மை வேடம் என்று ஒன்று இல்லை. முதியவருக்குப் பின்னே அவர் பேரன் அடி வைக்கிறான். அவனுக்கென்று தனி ஆசிரியர் எவரும் இல்லை. முன்னே செல்பவரின் பாதங்களே அவனுக்குப் பாடம். ஓர் அடி தவறினால் வட்டம் நின்றுவிடுவதில்லை. அடுத்த சுற்றில் அவனே திருத்திக்கொள்கிறான். அவன் குரல் இனிதா, கரகரப்பா என்று கேட்பவரும் இல்லை. ஊரில் பிறந்தவன் என்பதே அவனை வட்டத்தில் சேர்க்கப் போதுமானது.

பதின்வயதுப் பிள்ளைகளைப் பாட்டும் நடிப்பும் கலந்த நாடகங்களில் ஏற்றிப் பார்க்க விரும்பும் பெற்றோர் இன்று பலர். நவராத்திரிக் கொலு மண்டபத்திலும், கோயில் திருவிழா மேடையிலும், பள்ளி ஆண்டு விழாவிலும் கண்ணனாகவும் துருவனாகவும் ஆண்டாளாகவும் நம் வீட்டுப் பிள்ளைகள் தோன்றுகின்றனர். பாராட்டும் கைதட்டலும் பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் ஒரு சோதனை வருகிறது. ஆண் பிள்ளையாயின் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைகிறது. நேற்று வரை மேல் ஸ்தாயியில் தடையின்றிச் சென்ற குரல் இன்று நடுவழியில் பிளந்து நிற்கிறது. பெண் பிள்ளையாயினும் உயரம் கூடிவிட்டது, முகம் மாறிவிட்டது என்று வேடம் வேறொருத்திக்குப் போகிறது. அந்த இரவில் அப்பிள்ளை சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறது. அதற்கு என்ன சொல்வது என்று பெற்றோர்க்கும் தெரிவதில்லை.

குரல் உடையும் இந்தப் பருவத்துக்குத் தமிழ் நாடக உலகம் ஒரு பெயர் வைத்திருந்தது. அதுவே மகரக்கட்டு. வளரிளம் பருவத்தில் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் ஆண் பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. புதிய குரல் நிலைபெறச் சில மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளும் ஆகலாம். இயற்கையின் ஏற்பாடான இந்த மாற்றத்தை ஒரு காலத்தில் பாலர் நாடகக் குழுக்கள் பேரிடியாகவே கண்டு அஞ்சின.

பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அக்குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகச் சென்றன. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்தவர். 1918-இல் மதுரையில் அவர் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவற்றுள் புகழ்பெற்றது. ஏழைக் குடும்பத்துச் சிறுவர் பலருக்கு அத்தகைய குழுக்களே சோறும் கூரையும் கல்வியும் ஆயின. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்டவேண்டும். ஆகவே ஆர்மோனியத்தின் மேல் கட்டையில் சுருதி சேர்த்து, சிறுவர்கள் இரவு முழுதும் பாடினர். பாடத் தெரிந்தவனுக்கே முதன்மை வேடம். மேல் கட்டை எட்டுபவனுக்கே பாட்டு. அங்கே மகரக்கட்டு வந்தால் சிறுவனின் நிலை என்ன? வேடம் கைநழுவும், மதிப்பும் அதனுடன் போகும். வீட்டுக்கு அனுப்பும் சிறு பணமும் கேள்விக்குறியாகும். அங்குக் குரலே முதல். முதல் கரைந்தால் கணக்கு முடிந்தது.

எனினும் அதே சபையில் வளர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு வேறொன்றைக் கற்பிக்கிறது. டி. கே. எஸ். சகோதரர்கள் என்று நாடறிந்த நால்வர் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோர். அவர்களுள் 1912-இல் பிறந்த சண்முகம் ஆறு வயதில் சுவாமிகளின் சபையில் சேர்ந்து நாரதராக மேடை ஏறினார். அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் வியந்து பேசும் செய்தி. அந்தச் சிறுவர்களும் வளர்ந்தனர். அவர்கள் குரலும் மாறியது. ஆயினும் அவர்கள் மேடையை விட்டு விலகவில்லை. மூத்தவர் சங்கரன் குழுவின் நிருவாகத்தைத் தாங்கினார். பெண் வேடம் ஏற்றிருந்த முத்துசாமி நாடக ஆசிரியரானார். குமாஸ்தாவின் பெண் அவர் படைத்த நாடகம். சண்முகமோ 1940-களில் அவ்வையாராக, கூன் விழுந்த தமிழ் மூதாட்டியாக, மேடையில் தோன்றினார். அவ்வை என்பது அன்று முதல் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. நாரதராக வந்த சிறுவனைப் பாட்டியாகக் கண்டு தமிழகம் கைகூப்பியது. ஒரு வேடம் போனதால் வேறொரு வேடத்துக்கு வழி பிறந்தது. அவ்வழி பிறக்கும் வரை உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் தாங்கி நின்றதே அவர்களுக்குத் துணையாயிற்று.

நாடகம் பிழைப்பாக இருந்த இடத்தில் உடன்பிறப்பு தாங்கியது. நாடகமே வழிபாடாக இருக்கும் இடத்தில் ஊரே தாங்குகிறது. அதற்குச் சான்று தஞ்சை மாவட்டத்து மெலட்டூர். பதினாறாம் நூற்றாண்டில் அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் வழங்கிக் குடியேற்றிய ஊர் அது என்பர். அவ்வூர் வரதராஜப் பெருமாள் கோயிலின் எதிரே நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் பாகவத மேளா நிகழ்கிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய இசை நாடகங்களுள் பிரகலாத சரித்திரம் தலையாயது. கோணங்கி முதலில் வந்து அவையைச் சிரிக்கவைப்பான். பின்னர்ப் பிள்ளையாரின் முகம் தரித்த சிறுவன் வருவான். இரவெல்லாம் பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் கதை விடியலை நெருங்கும்போது நரசிம்மர் தோன்றுவார். அந்தத் திருமுகம் வெறும் அட்டைமுகம் ஆகாது. பூஜை பெறும் திருமேனி அது. அதனைத் தரிப்பவர் அன்று உபவாசம் இருக்கிறார். தூணிலிருந்து வெளிப்படும் சீற்றத்தின்போது அவரை மற்றவர்கள் பற்றி நிறுத்தவேண்டியிருக்கும். கூடியிருப்போர் கற்பூர ஆரத்தி கண்டு கைகூப்புகின்றனர்.

அங்கே நடிப்போர் பெரும்பாலும் அலுவலகங்களிலும் வேறு தொழில்களிலும் ஆண்டு முழுதும் பணிபுரிபவர்கள். திருவிழா நெருங்கியதும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகின்றனர். பரம்பரையாக ஆண்களே எல்லா வேடமும் ஏற்பது அங்குள்ள மரபு. ஒருகாலத்தில் பிள்ளையார் முகம் தரித்த சிறுவன் பின்னொரு நாள் பிரகலாதன் ஆகலாம். குரல் மாறினால் வேறு வேடம் ஏற்கலாம், பாடுவோர் வரிசையில் அமரலாம், தாளம் தட்டலாம், நடிப்பவர்க்கு ஒப்பனை செய்யலாம். பெருமாளுக்கு முன் நிகழும் கைங்கரியத்தில் எந்தப் பணிதான் சிறியது? திருவேங்கடவன் சந்நிதியில் படியாகக் கிடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர் சேர மன்னராகிய குலசேகராழ்வார். அரியணையில் அமர்ந்தவர் வாசற்படியை விரும்பினார். இன்றும் பெருமாள் கோயில்களில் அப்படி குலசேகரன் படி என்றே பெயர் பெற்று விளங்குகிறது.

இந்நெறிக்கு மூல உதாரணம் இராமாயணத்திலேயே உண்டு. நம் நாட்டின் முதல் இளம் இசைக் கலைஞர்கள் லவகுசர்களே. வால்மீகி முனிவர் தாம் இயற்றிய காவியத்தை அவ்விருவருக்கும் கற்பித்து, இராமபிரான் நடத்திய அசுவமேத வேள்விக்கு அழைத்துச் சென்றார். நாள்தோறும் இருபது சருக்கம் பாடுங்கள் என்றும், பொருளில் ஆசை வைக்காதீர்கள் என்றும் அவர்களுக்குக் கட்டளையிட்டார். பாட்டைக் கேட்டு மகிழ்ந்த இராமபிரான் பதினெண்ணாயிரம் பொன் அளிக்கச் சொன்னபோது, காயும் கனியும் உண்டு காட்டில் வாழும் எங்களுக்குப் பொன் எதற்கு என்று அப்பிள்ளைகள் மறுத்துவிட்டனர். பாடுவது தந்தையின் சபையில் என்பதை அறியாமலே அவர்கள் பாடினர். பொன்னைக் கருதாமல் பாடிய பாட்டே அவர்களைத் தந்தையிடம் சேர்த்தது. முனிவர் முதற்பாடமாகப் பொருளாசையை ஏன் விலக்கினார் என்பதைச் சிந்திக்கவேண்டும். பொன்னுக்குப் பாடும் குரலுக்குப் பொன் நிற்கும்போது இடமும் போய்விடும். கைதட்டலும் ஒருவகைப் பொன்தான். அது நின்றதும் தனக்கு இடமே இல்லை என்று பிள்ளை எண்ணிவிடுகிறது.

ஆதலால் வேடம் இழந்த பிள்ளையிடம் பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, குரல் உடைந்ததைக் குறையாகப் பேசாதிருத்தல். உறவினர் முன்னிலையில் பாடச்சொல்லிச் சிரிப்பது பெரும் பிழை. விளையாட்டாகச் செய்தாலும் அது பிள்ளையின் நெஞ்சில் நெடுநாள் தங்கும். இரண்டாவது, பழைய சுருதியை எட்டுமாறு வற்புறுத்தாதிருத்தல். கீழ்ச் சுருதியில், மென்மையாக, குறைந்த நேரம் பாடினால் போதும். வலி தோன்றினால் உடனே நிறுத்திவிடவேண்டும். கரகரப்பு நீண்டு நின்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டலாம். மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. அப்பிள்ளையை நாடகத்தைவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. தாளமோ, ஆர்மோனியமோ, மிருதங்கமோ கற்கட்டும். இளையவனுக்கு அடவு சொல்லிக்கொடுக்கட்டும். திரைக்குப் பின்னே விளக்குப் பார்க்கட்டும். தான் அணிந்த கிரீடத்தைத் தன் கையாலேயே அடுத்த கண்ணனின் தலையில் சூட்டட்டும். அந்தக் கணம் எளிதானது அன்று. கண் கலங்கவே செய்யும். ஆயினும் அந்தக் கிரீடம் தன்னுடையது அன்று, பகவானுடையது என்பதை அப்பிள்ளை அப்போதே உணர்கிறது. மேடையில் நின்று நூறு முறை வசனம் பேசினாலும் இவ்வுணர்வு எளிதில் வாய்க்காது.

கோயில் விழாக் குழுவினர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. வேடத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் அன்றே, தேர்வு பெறாதவர்க்கும் ஒவ்வொரு பணியைப் பெயர் சொல்லி அளிக்கவேண்டும். விழா நிறைவில் பிரசாதமும் மரியாதையும் வழங்கும்போது கண்ணனாக வந்தவனை அழைத்த அதே மேடைக்குத் திரை இழுத்தவனையும் அழைக்கவேண்டும். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. அடுத்த ஆண்டும் அப்பிள்ளை கோயில் வாசலுக்கு வருமா, வாராதா என்பது பெரும்பாலும் இந்த ஓர் அழைப்பிலேயே இருக்கிறது.

ஜெகதளாவின் வட்டத்தில் அடுத்த மார்கழியிலும் ஆட்டம் நிகழும். கடந்த ஆண்டு குழந்தைக் குரலில் கூவிய பிள்ளை இவ்வாண்டு கட்டைக் குரலில் கூவுவான். முன்னே செல்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பின்னே வருபவர் அடியை நிறுத்தமாட்டார். பேரப்பிள்ளையின் குரல் உடைந்தது என்பதற்காக எந்தப் பாட்டியாவது அவனை வாசலில் நிறுத்துவாளா? குலத்து மூதாட்டியாகிய ஹெத்தையும் நிறுத்துவதில்லை. அந்தப் பாட்டியின் பரிவு நம் வீடுகளிலும் கோயில் மேடைகளிலும் நிறையுமாயின், வேடம் இழந்த எந்தப் பிள்ளையும் தன் இடத்தை இழந்ததாக எண்ணி உறங்கச் செல்லாது.