பிரஷரை விட்டுவிட்டு யூரிக் அமிலத்தோடு என்ன சண்டை?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தது, 11-ம் நூற்றாண்டு. அங்கே நடந்த 'வீரசோழன்' என்ற ஆஸ்பத்திரியின் கணக்கு அதில் உள்ளது. 15 படுக்கை, ஒரு மருத்துவர், ஒரு அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர 2 பேர், நோயாளிகளைக் கவனிக்க 2 பெண்கள்... யாருக்கு எத்தனை கலம் நெல் கூலி என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத எண் ஒன்றுகூட அதில் இல்லை.

இன்றைய லேப் ரிப்போர்ட் அப்படியா? முழு உடல் பரிசோதனை என்று பணம் கட்டினால் வரிசையாக எண்கள் வரும். அதில் ஒன்று யூரிக் அமிலம். ஆணுக்கு 7, பெண்ணுக்கு 6 தாண்டினால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பிரஷர் உள்ளவர் அதைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று பருப்பையும் கீரையையும் நிறுத்துகிறார். ஊறுகாய், அப்பளம், கருவாடு மட்டும் தட்டில் அப்படியே! பிரஷர் மாத்திரையோ "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று டப்பாவிலேயே தூங்குகிறது.

பயத்துக்குக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. 2000-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு, பிரஷருக்கு மருந்து தொடங்காத 1,720 பேரைக் கவனித்தது. யூரிக் அமிலம் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. ஆனால் 1999-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வாளர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். பிரஷர் முதலான மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தால், யூரிக் அமிலம் தனியாக இதயத்தைக் கெடுப்பதாகத் தெரியவில்லை என்றார்கள்.

அப்படியானால் குற்றவாளியா, சாட்சியா? யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம். பிரஷராலும் உடல் பருமனாலும் அது தளர்ந்தால் அமிலம் தேங்கும். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளும் அதை ஏற்றும். நெருப்பு ஒரு பக்கம் எரிய, புகையை மட்டும் விசிறிக்கொண்டிருந்தால் ஆகுமா?

சிறுநீரகத்தைச் சும்மா சொல்லவில்லை. நட்சத்திரக் குறியைப் பார்த்தவர் அடுத்துக் கேட்க வேண்டியது கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்பதைத்தான். அந்தக் குறிக்கு உருப்படியான வேலை அதுதான்.

"குறைத்துவிட்டால் இதயத்துக்கு நல்லதுதானே" என்று வாதாடுபவர்கள் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் புதிதாக பிரஷர் வந்த 30 பதின்வயதினருக்கு அல்லோபூரினால் கொடுத்தபோது பிரஷர் இறங்கியது உண்மை. ஆனால் 30 பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுதலாமா? 2022-ல் பெரிய பதில் வந்தது. பிரிட்டனில் 60 வயது தாண்டிய, இதய நோய் உள்ள, கவுட் இல்லாத சுமார் 5,700 பேர். பாதிப் பேருக்கு அதே மருந்து. ஏறத்தாழ 5 ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் இவற்றில் மருந்து சாப்பிட்டவர்கள் 11.0 சதவீதம், சாப்பிடாதவர்கள் 11.3 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்! அபூர்வமாக அந்த மருந்து தோலையே உரித்துவிடும் ஒவ்வாமையையும் தரும்.

இதைப் படித்துவிட்டு கவுட் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூட்டுவலிக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் அது தேவைப்படுவது வேறு விஷயம். நீர் மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. லோசார்டான் போல யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் இறக்கும் பிரஷர் மருந்தும் உண்டு. எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேட்கலாம்.

தறியில் உட்கார்ந்தவரோ, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவரோ, பிரஷர் 140/90-க்கு மேலேயே நின்றால் இதயம் தாங்காது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், மாத்திரை தினமும், மாதம் ஒருமுறை கையில் பட்டை கட்டிப் பார்ப்பது. இதற்கெல்லாம் பேக்கேஜ் கிடையாது, விளம்பரமும் கிடையாது. அதனால்தான் யாரும் பேசுவதில்லையோ?