அரைப் பேருக்கு இளைப்பாற நேரமில்லையா?

நல்லதண்ணித் தோட்டங்களிலே காலைக் கொழுந்துக்கும் பின்னேரக் கொழுந்துக்கும் நடுவே ஓர் இடைவேளை உண்டு என்கின்றனர் துரைமார். உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. அது யாருக்கு உரியது என்பதே எமது வினா.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சென்று சிவனொளிபாத மலையின் அடிவாரத்தை அடைந்தோர் அச்சரிவுகளின் செங்குத்தை அறிவர். மேல்மலையில் கொழுந்து பறிக்கும் பெண், மதியம் வந்ததும் சாக்கைச் சுமந்து கீழே இறங்க வேண்டும். நிறுவைக் களத்திலே வரிசையில் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டும். சாக்கின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்கும் கழித்தது போக மிஞ்சிய எடை எழுதப்பட்ட பின்னரே லயத்துக்கு நடக்கலாம். பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தையைப் பார்த்து, ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினால் இடைவேளை முடிந்துவிடுகிறது. இறங்கிய நேரம், நின்ற நேரம், நிறுத்த நேரம், ஏறிய நேரம் யாவும் ஓய்வு என்ற பெயரிலேயே கணக்கில் ஏறுகின்றன!

முழுப் பேர் பெறுவோரின் நிலையே இதுவெனில், கைக்காசுக்குப் பறிப்போரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? ஓய்வு பெற்ற முதிய பெண்களும், கொழுந்து பெருகும் காலத்தில் மட்டும் அழைக்கப்படுவோரும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். அவர்கள் ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் அமர்ந்தால் அப்பத்து நிமிடமும் அவர்களது மடியிலிருந்தே போகிறது. இனி, நாள் முழுதும் பாடுபட்டும் குறித்த எடையை எட்டாதவளுக்கு அரைப் பேர். ஏட்டிலே அவள் அரை நாள் வேலையாள். மலையிலோ முழு நாள். 2021 ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக நிர்ணயித்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியதும் யாவரும் அறிந்தவை. அதன்பின் கிலோக் கணக்கைப் பற்றிய சச்சரவும் அரைப் பேரும் எவ்வளவு மலிந்தன என்பதைத் தோட்டத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

சட்டம் நிமிடத்தை எண்ண அறியாதது அன்று. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளைகள் வழங்குகிறது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெண்களை இடைவிடாது வேலை வாங்குவதற்கு எல்லையிட்டு, நடுவே உணவுக்கும் ஓய்வுக்கும் நேரம் கேட்கிறது. கொழுந்தை அரைக்குமிடத்தில் நிற்பவளுக்கு இந்தக் காவல். அதே கொழுந்தை மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்தவளுக்கு மேற்பார்வையாளனின் மனநிலையே காவல்.

இந்தியா 1951 ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்றை இயற்றி, ஐந்து மணித்தியாலத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, அரை மணித்தியாலமேனும் ஓய்வு வேண்டும் என்று விதித்தது. அடுத்த பிரிவு அதைவிடச் சிறந்தது. ஒரு நாளின் வேலைக்காலம் ஓய்வையும் சேர்த்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தைத் தாண்டலாகாது என்று கூறி, வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் அக்கணக்கிலேயே சேர்த்தது. அச்சட்டத்தின் இடத்தில் இன்று புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கலாம்; காத்திருப்பு ஓய்வாகாது என்ற நியாயம் பழுதுபடவில்லை.

கைக்காசுக்காரர் தமக்குத் தாமே எசமானர். விரும்பினால் இளைப்பாறட்டும் என்று கம்பனித் தரப்பினர் வாதிடுவர். எந்த மலையில் பறிப்பது என்று சொல்பவர் யார்? தராசு யாருடையது? கிலோவின் விலையை வைத்தவர் யார்? இம்மூன்றுக்கும் ஒரே விடையானால் எசமானர் யார் என்பதை அறிய நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. வயல் உழும் எமது வாசகர் வெயில் ஏறியதும் ஏரை அவிழ்த்து மாட்டை நிழலில் கட்டுகின்றனர். அவ்வேளையை வேறொருவர் தராசு தீர்மானிப்பதில்லை.

மலைக்குப் பருவம் தொடங்கினாலோ, டிசம்பர் முதல் மே வரை, பகலிற் கொழுந்தும் இரவில் யாத்திரிகர் கடையுமாக இரட்டைப்பாடு படுவோரும் உளர். இரண்டு எசமானரும் தத்தம் பங்கில் ஓய்வு கொடுத்ததாகவே சாதிப்பர்.

1948 ஆம் ஆண்டில் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் உணவு வேளையைப் பற்றிப் பாராளுமன்றம் கவலைப்படாதது வியப்பன்று. 2003 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னும் அப்பேச்சு எழாததே வியப்பு. சம்பளத் தொகை ஒன்றையே தேர்தலுக்குத் தேர்தல் ஏலம் கூறுவோர், அந்தச் சம்பளம் எத்தனை மணித்தியாலத்துக்கு என்று கேட்பதில்லை.

வேலை நாளை வரையறுக்கும் அதிகாரம் சம்பள நிர்ணய சபைக்கு உண்டு. முழுப் பேராயினும், அரைப் பேராயினும், கைக்காசாயினும், நாலு மணித்தியாலம் பறித்தவர் எவருக்கும் அரை மணித்தியால ஓய்வு உண்டென்று அது தீர்மானிக்கட்டும். அந்த அரை மணித்தியாலம் எடை எழுதிய பின்னரே தொடங்க வேண்டும். அதன் கூலி கிலோ விலையிற் சேர வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் சபை கூடும் அடுத்த நாளிலேயே இதனைக் கேட்கலாம். அதுவரை, கணக்கப்பிள்ளையின் ஏட்டில் எடைக்குப் பக்கத்தில் நிறுவை முடிந்த நேரத்தையும் எழுதச் சொல்வோம். ஒரு கோடு கூடுதலாக இழுக்கக் கம்பனிக்கு எவ்வளவு செலவாகும்?