பூனைக்குட்டியின் ஈறு

பூனை வளர்க்கும் பலர் பயப்பட வேண்டிய நிறத்தை விட்டுவிட்டு வேறு நிறத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பது என் கருத்து. செம்மஞ்சள் பூனைகளுக்கு ஒரு வயது வாக்கில் உதட்டிலும் ஈறிலும் கறுப்புப் புள்ளிகள் வரும். உடனே புற்றுநோயோ என்று அலறல்! தட்டையாக இருக்கும்வரை அது மச்சம் மாதிரிதான், ஒன்றும் செய்யாது. (மூக்கில் வந்தால் அழகாகவே இருக்கும்.)

ஆனால் ஈறு வெளுத்தால் யாரும் கவனிப்பதில்லை. குட்டி சோர்ந்து கிடந்தால் "சமர்த்தாகத் தூங்குகிறது" என்கிறோம். குட்டிக்கு உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம். தெள்ளுப்பூச்சிகள் மொய்த்தால் அதைக் குடித்தே கொன்றுவிடும். கொக்கிப்புழுவும் அப்படித்தான். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம்.

இன்னொரு நிறமும் உண்டு, சாக்லேட் நிறம். காய்ச்சல் என்று நாமாகப் பாரசிட்டமால் கொடுத்தால் வருவது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே குட்டியைக் கொல்லப் போதும்.