கேள்வி நேரத்துக்குத்தான் புள்ளி வேணும்

பிரசன்டேஷனுக்கு முதல் நாள் இரவு எங்கட அறைகளில் நடக்கிறது படிப்பு இல்லை, பாடமாக்கல். பத்து நிமிசம், முழுக்க ஆங்கிலம். அடுத்த நாள் ஸ்லைடைப் பார்த்து வாசிச்சு முடிச்சிட்டு, "எனி குவெஸ்டியன்ஸ்?" எண்டு நிற்போம். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க. இண்டைக்கு நீ என்னைக் கேட்காதே, நாளைக்கு நான் உன்னைக் கேட்கமாட்டன். எங்களுக்குள்ள இருக்கிற எழுதாத ஒப்பந்தம் அது.

பிரசன்டேஷனும் கலந்துரையாடலும் கட்டாயம் எண்டதில எங்களுக்குப் பிரச்சினை இல்லை. எதுக்குப் புள்ளி எண்டதிலதான் பிரச்சினை.

நிலாவெளி கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்துக்குத் தீவின் பல பக்கங்களில் இருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். உயர்தரம் வரை தமிழில் படித்தவர்களும் சிங்களத்தில் படித்தவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவது இப்படியான இடங்களில்தான். பக்கத்துக் கடற்கரையையே எடுங்கோ. தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் திருகோணமலைக் கரைக்கு வந்து வாடி போடுவார்கள். இங்குள்ள கரைவலைக்காரருக்கு அதில் ஒரு கணக்கு, வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் முகாமைத்துவம் படிக்கலாம். ஆனால் ரெண்டு பேரும் ஏதோ வெளிநாட்டுக் கம்பனியைப் பற்றித்தான் பிரசன்ட் பண்ணுவாங்க. அதுக்குத்தான் ஆங்கில வசனம் தயாராக் கிடைக்கும். வாடிக் கதை கன்டீனோட நிண்டுபோகும்.

ஒன்லைன் வந்தால் மாறும் எண்டு நினைச்சம். 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடினபோது லேர்ன் வலையமைப்பு வழியாக ஸூம் கிடைத்தது, அதுக்கு டேட்டாக் காசும் இல்லை. நல்ல விசயம். ஆனால் கவரேஜ் அப்படி வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளும் இருந்தது. அப்படி இருக்க, நேரலையில் கதைத்தவருக்குத்தான் புள்ளி என்றால் அது சிக்னலுக்குப் போடுற புள்ளி. ஒரு கிழமை அவகாசம் தந்து எழுதச் சொன்னபோது, வகுப்பில் மூச்சுவிடாத பிள்ளைகள் பந்தி பந்தியாக எழுதினதைப் பார்த்தோம். ("ஐ அக்ரீ" போட்டுவிட்டு ஓடின கூட்டமும் இருந்தது. அதில நாங்களும் அடக்கம்.)

பிரசன்டேஷன் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், வேலைக்கு அது தேவை. கேள்வி நேரத்தை மட்டும் மூன்று மொழிக்கும் திறந்துவிடுங்கோ. பக்கத்தில் இருக்கிறவர் மொழிபெயர்க்கட்டும். ஸ்லைடுக்குப் போடுற புள்ளியில் பாதியைக் கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் கொடுங்கோ. முதலாம் வருசத்தில் ஒரு தடவையாவது புள்ளி இல்லாமல் ஏறி நின்று கதைத்துப் பழக விடுங்கோ. பிழையான ஆங்கிலத்துக்குப் பின்வரிசையில் இருந்து சிரிக்கிறதை நிப்பாட்டுற வேலையை நாங்கள் பார்க்கிறம்.