நல்லவர்களுக்கு மட்டுமா மன்னிப்பு?

கடவுளிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். செய்த தருமம் வரவு; செய்த பாவம் பற்று. கடைசி நாளில் வரவு மிஞ்சினால் மோட்சம், பற்று மிஞ்சினால் நரகம். பேரேடு எழுதிப் பழகிய குமாஸ்தாவுக்கு இது உடனே விளங்கும். ஓவர்டைம் பார்த்த மணிக்குத் தகுந்த கூலி வாங்கும் தொழிலாளிக்கும் நியாயமாகவே படும். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்களில் பலரும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "நல்ல மனிதர், அவருக்கு மோட்சம் நிச்சயம்" என்று துக்க வீட்டில் சொல்லாதவர் யார்?

ஆனால் கிறிஸ்தவ மதம் சொல்வது இது அல்ல. தன் நன்மையைக் காட்டி மோட்சத்தை விலைக்கு வாங்கும் அளவுக்கு நல்லவன் ஒருவனும் இல்லை என்கிறது அது. கிறிஸ்து சிலுவையில் மரித்தது அந்தக் கடனைத் தீர்க்கத்தான். மன்னிப்பை இலவசமாக ஏற்றுக்கொள்கிறவன் பிழைக்கிறான். நற்செயல் அந்த மன்னிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல, அதிலிருந்து விளையும் கனி. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் இதை வாதாடி நிலைநாட்டுகிறார். இயேசு வாதாடவில்லை, கதை சொன்னார்.

அந்தக் கதைகளில் ஒன்று நாக்காவில் வேலைக்குக் காத்து நிற்பவர்களுக்கென்றே சொன்னது போல இருக்கும். திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் போய் ஒரு நாள் கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறான். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் போய் இன்னும் சிலரை அழைக்கிறான். மாலை ஐந்து மணிக்கும் போகிறான். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறான். பொழுது சாய்ந்ததும் கடைசியில் வந்தவனுக்கு முதலில் கூலி; அதுவும் முழு நாள் கூலி! வெயிலில் வெந்தவனுக்கும் அதே கூலிதான்.

தொழிற்சங்கக்காரர் கேட்டால் கொடி பிடிப்பார். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனும் ஒரு மணி நேரம் உழைத்தவனும் ஒன்றா? முணுமுணுத்தவர்கள் கேட்டதும் இதைத்தான். ஆனால் அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குக் கிடைத்ததுதான் பொறுக்கவில்லை. ஐந்து மணிவரை நின்றவன் சோம்பேறி அல்ல. பத்து மணிக்கு மேல் யாரும் கூப்பிடாவிட்டால் அன்று இரவு அடுப்பு எரியுமா என்ற கவலை நாக்காவில் நின்றவனுக்குத் தெரியும். கூலியைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அளந்து கொடுத்தால் அவன் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்? தோட்டக்காரன் அளந்து கொடுக்காமல் தேவையைப் பார்த்துக் கொடுத்தான். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு நல்ல காரியம் செய்யவும் நேரமில்லை. ஞானஸ்நானம் பெறவும் வழியில்லை. அன்றைக்கே பரதீசில் இருப்பாய் என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது.

இது திருச்சபைக்கே எளிதில் செரிக்கவில்லை. 1505ல் மடத்தில் சேர்ந்த ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர், உபவாசமும் இரவு விழிப்புமாகத் தன்னை வருத்திக்கொண்டும் மனநிம்மதி காணவில்லை. பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டபோது, 1517ல் எதிர்த்து எழுதினார். சபை பிளந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் இந்தக் கொள்கையின் அடிப்படையில் தாங்கள் ஒத்துப்போவதாக ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31ல்தான். எல்லா வேறுபாடும் அத்தோடு தீரவில்லை.

தமிழனுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதும் அல்ல. குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வைணவத்தில் வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் உவமையாகச் சொல்வார்கள். இரண்டு சமயமும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காப்பாற்றப்படுகிறவனின் பங்கு எவ்வளவு என்ற விசாரணை ஸ்ரீரங்கத்திலும் காஞ்சியிலும் நூற்றாண்டுகளாக நடந்ததுதான்.

கேட்காவ் சொல்லும் சாட்சி

மும்பையிலிருந்து புனே, சோலாப்பூர் வழியாகச் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் ரயில்கள், தவுண்ட் சந்திப்புக்குச் சற்று முன்னால் கேட்காவ் என்ற சிறிய ஸ்டேஷனைக் கடக்கின்றன. ஊருக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பெயர்ப் பலகையைக் கவனித்தவர்கள் குறைவு. பண்டித ரமாபாயின் முக்தி ஆசிரமம் இருப்பது அங்கேதான்.

ரமாபாய் 1858ல் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி, பெண்களும் சமஸ்கிருதம் படிக்கலாம் என்று துணிந்து மனைவிக்குக் கற்றுக் கொடுத்தவர். குடும்பமே புராணம் சொல்லிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றியது. செய்ய வேண்டிய தானமெல்லாம் செய்து, மூழ்க வேண்டிய தீர்த்தமெல்லாம் மூழ்கிய குடும்பம் அது. 1870களின் கொடும் பஞ்சத்தில் தாயும் தந்தையும் பட்டினியில் மாண்டார்கள். அண்ணனோடு நடந்தே நாட்டைச் சுற்றிய ரமாபாய் 1878ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவர் புலமையைக் கண்டு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். பிறகு அண்ணன் இறந்தார். வங்காளி வக்கீல் ஒருவரைச் சாதி கடந்து மணந்தார். 1882ல் அவரும் இறந்தார். கைக்குழந்தையோடு விதவையானார். 1883ல் இங்கிலாந்து போய், செப்டம்பர் 29ஆம் தேதி வான்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் மனத்தைத் திருப்பியது தத்துவ நூல் அல்ல. லண்டனில் புல்ஹாம் என்ற இடத்தில் கன்னியர் நடத்திய விடுதி ஒன்றைக் காட்டினார்கள். கெட்டுப்போனவள் என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் அங்கே திருந்தி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார்கள். தவறிய பெண்ணுக்குச் சாத்திரம் என்ன தண்டனை சொல்கிறது என்பது ரமாபாய்க்கு மனப்பாடம். அவளைச் சேர்த்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு என்பது புதிது. கிறிஸ்தவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டார். கன்னியர் ஒருவர் யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினார். ஐந்து கணவர்களைக் கண்டு, ஆறாவதாகக் கணவன் அல்லாத ஒருவனோடு வாழும் சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்ட கதை அது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ரமாபாய் அமெரிக்கா சென்று உதவி திரட்டினார். உயர்சாதி இந்துப் பெண்களின் துயரத்தைப் பற்றி 1887ல் ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார். 1889ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு புனேக்கு மாற்றினார். வரவுப் பக்கத்தில் இவ்வளவு உள்ள ஒருவர், தனக்கு மதம் கிடைத்ததே தவிர கிறிஸ்து கிடைக்கவில்லை என்று உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஹஸ்லம் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் சுயசரிதை அவர் கைக்கு வந்தது. அந்தப் பாதிரியாரே வேடிக்கையான மனிதர். பல ஆண்டுகள் பிரசங்கம் செய்தவர், 1851ல் தன் பிரசங்கத்தைத் தானே கேட்டு மனந்திரும்பினார்! தன் வேலையையும் தகுதியையும் நம்பாமல் மன்னிப்பை மட்டும் நம்ப வேண்டும் என்று ரமாபாய்க்குத் தெளிந்தது அப்போதுதான்.

அவர் மீது குறை சொன்னவர்களும் உண்டு. 1893ல் சாரதா சதனத்துப் பெண்கள் மதம் மாற ஈர்க்கப்படுகிறார்கள் என்று திலகரின் 'கேசரி' தாக்கியது. ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். மதத்தில் தலையிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து ஆரம்பித்த விடுதி என்பதால் அந்தக் கோபத்தைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய், சாகக் கிடந்த பெண்களை அழைத்து வந்து கேட்காவில் சோறு போட்டவரும் அவரே. 1900 வாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். வழி தவறிய பெண்களுக்கென்று தனியாக ஒரு விடுதி கட்டினார். அதற்கு வைத்த பெயர் 'கிருபா சதன்'. தமிழ்ச் சபைகளில் வாய்க்கு வாய் சொல்லும் அதே கிருபைதான். 1922ல் அவர் மறைந்தார். ஆசிரமம் இன்றும் நடக்கிறது.

மலிவுச் சரக்கா?

அப்படியானால் ஆறு நாள் அட்டூழியம் செய்துவிட்டு ஏழாம் நாள் மன்னிப்புக் கேட்டால் போதுமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். நாஜிகளால் 1945ல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர், இப்படிப்பட்ட மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று 1937லேயே சாடினார்.

எரிகோவின் தலைமை வரி வசூல்காரன் சகேயு அநியாயமாய்ச் சேர்த்தவன். கூட்டத்தில் பார்க்க முடியாமல் மரத்தில் ஏறியிருந்தான். உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவன், சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நாலத்தனை என்று எழுந்து நின்றான். முதலில் ஏற்றுக்கொள்ளப்பட்டான், பிறகு கணக்கைத் தீர்த்தான். இந்த வரிசையை மாற்றினால் கொள்கையே மாறிவிடும். பின்பாதியை விட்டுவிட்டால் அது மோசடி. இரண்டு மாதக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்று கண்ணை மூடிப் பாடும் கான்ட்ராக்டர், கையாளின் பாக்கியை முதலில் எண்ணி வைக்கட்டும்.

பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரனின் கதையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. ஒரு நாளும் லீவு எடுக்காமல் உழைத்தாலும் தீர்க்க 1,64,000 ஆண்டுகளுக்கு மேலாகும்! எஜமான் முழுவதையும் தள்ளிவிட்டான். வெளியே வந்தவன், தனக்கு 100 நாள் கூலி பாக்கி வைத்த சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தான். நூறு நாள் கூலி சின்னத் தொகை அல்ல. ஏழைக்கு அது பெரிய நஷ்டம். தனக்குத் தள்ளப்பட்டதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு வேறு, நம்பி ஒப்படைப்பது வேறு. கையாடல் செய்தவனிடம் மறுநாளே பெட்டிச் சாவியைக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடி வாங்கிய மனைவியிடம், மன்னித்து வீட்டுக்குப் போம்மா என்று உபதேசம் செய்து அனுப்புவதும் மன்னிப்பு ஆகாது. அது அடிக்கிறவனுக்கு உதவி. மனந்திரும்பவேண்டியவன் அவன்.

சபைகள் செய்வது என்ன?

ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் வேலை தேடி மட்டும் வந்தவர்கள் அல்லர். கடனுக்கு முகம் காட்ட முடியாமல் வந்தவர் உண்டு. கல்யாணம் முறிந்து வந்த பெண் உண்டு. குடியில் சம்பளத்தைத் தொலைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் கடிதம் எழுதுவதையே நிறுத்தியவர் உண்டு. சிறையிலிருந்து திரும்பியவரும் உண்டு. அவர்கள் கோயிலுக்கு வந்தால் வாசலோரக் கடைசி பெஞ்சில் உட்கார்கிறார்கள். திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போய்விடுகிறார்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, "அவனுக்கே தெரிகிறது" என்று திருப்திப்படுகிறார்கள்.

வாரம் இரண்டு முறை உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒன்று காணிக்கை என்று ஜெபத்திலேயே பட்டியல் படித்தானே பரிசேயன், அவன் இன்று வந்தால் சபைக் கமிட்டியில் உடனே இடம் கிடைக்கும். மார்பில் அடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற ஆயக்காரனிடம், ஊர்ச் சபையிலிருந்து நற்சாட்சிக் கடிதம் வாங்கி வா என்பார்கள். கதையில் நீதிமானாக வீடு திரும்பியவன் ஆயக்காரன்.

எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் ஒழுங்கு கெட்டுவிடும், பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கெட்ட குமாரனின் அண்ணனும் அதைத்தான் சொன்னான். பல வருடம் உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்பது அவன் குறை. தகப்பன் அவனையும் கோபிக்கவில்லை. வெளியே வந்து வருந்தி அழைத்தான். அவன் உள்ளே போனானா இல்லையா என்பதை லூக்கா எழுதவில்லை.

சபை நிர்வாகிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். கடைசி பெஞ்சுக்காரரின் அறைக்குப் போதகர் ஒரு முறை போய் டீ குடித்துவிட்டு வரட்டும். கல்யாணம் முறிந்த பெண்ணை மாதர் சங்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்கட்டும். எங்கேனும் காணிக்கைப் பாக்கியைப் பார்த்துவிட்டுத்தான் அடக்கத்துக்குச் சீட்டு என்ற வழக்கம் இருக்குமானால், அதை இந்த மாதக் கூட்டத்திலேயே எடுத்துவிடட்டும். அடக்கம் முதலில் நடக்கட்டும். பாக்கியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.